இணையத்தில் எல்லாம் இருக்கிறது, ஏழாம் வகுப்புக் குழந்தையின் மொழியைத் தவிர

"எல்லாந்தான் இணையத்தில் இருக்கிறதே, பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதானே?" கணக்கில் தடுமாறும் நடுநிலைப்பள்ளிக் குழந்தையை நோக்கி இந்நாட்டில் இன்று மிகுதியாகச் சொல்லப்படும் வாசகம் இதுவாகத்தான் இருக்கும். பெற்றோர் சொல்கின்றனர், உறவினர் சொல்கின்றனர், கல்வி அலுவலர்கள் கூட்டங்களில் சற்று நாகரிகமான சொற்களில் சொல்கின்றனர். அறிவுரைபோல் ஒலிக்கும் இவ்வாசகம் உண்மையில் ஒரு தீர்ப்பு. கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்தாயிற்று, இனிப் படிக்காதது குழந்தையின் குற்றம் என்பதே அதன் பொருள். அத்தீர்ப்பு தள்ளுபடி செய்யப்பட வேண்டும்.

இருப்பதை இல்லையென்று சொல்ல வேண்டியதில்லை. திக்‌ஷா தளம் 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. பாடநூலில் அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் படித்தால் அந்தப் பாடத்திற்குரிய காணொளியும் பயிற்சியும் திறக்கும். 2020 மே மாதத்தில் பிஎம் இ-வித்யா அறிவிக்கப்பட்டது. வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்ற கணக்கில் அமைந்த 12 கல்வி அலைவரிசைகளை 200 ஆகப் பெருக்குவதாக 2022ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கை கூறியது. கான் அகாடமியின் காணொளிகள் உள்ளன. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் உருவகச் செயல்பாடுகள் உள்ளன. வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் இணைத்துக் காட்டும் ஜியோஜீப்ரா உள்ளது. இவற்றைப் பயன்படுத்த மாணவர்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பொருள் பற்றாக்குறை என்று யாரும் முறையிட முடியாது.

அவ்வளவும் இருந்து விளைந்தது என்ன? ஊரகக் குழந்தைகளின் கற்றலை வீடுவீடாகச் சென்று அளக்கும் ஏசர் அறிக்கையில் விடை இருக்கிறது. 2018இல், பள்ளியில் பயிலும் ஊரகக் குழந்தைகளுள் வீட்டில் திறன்பேசி உள்ளவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பேர்; 2022இல் ஏறத்தாழ 75 பேர். அதே நான்காண்டுகளில், மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த எட்டாம் வகுப்பு மாணவர்களின் பங்கு 44.1 விழுக்காட்டிலிருந்து 44.7 விழுக்காடானது. கருவி இரு மடங்கானது. கணக்கு நின்ற இடத்திலேயே நின்றது. இடையில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தன, திறன்பேசியும் இல்லாதிருந்தால் நிலை இன்னும் மோசமாகியிருக்கும் என்று மறுப்போர் உண்டு. அம்மறுப்பில் நியாயமும் உண்டு. ஆனால் பள்ளிகள் திறந்து முறையாக நடந்த பின்னர் வந்த 2024 அறிக்கையிலும் அவ்வெண் 45.8 விழுக்காடுதான். திறன்பேசியை இயக்கத் தெரிந்த 14 முதல் 16 வயதினருள் 57 விழுக்காட்டினர் முந்தைய வாரத்தில் அதைக் கல்விக்காகவும் பயன்படுத்தியதாக அதே அறிக்கை கூறுகிறது. பாதிக்கும் மேற்பட்டோர் பார்க்கத்தான் செய்கின்றனர். பார்ப்பதற்கும் விளங்குவதற்கும் இடையில்தான் எங்கோ அறுந்திருக்கிறது.

அறுந்த இடங்கள் இரண்டு. முதலாவது, குழந்தை நிற்கும் படியும் காணொளி நிற்கும் படியும் வேறு.

கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் டெல்லியில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. அவர்கள் சோதித்த மாணவர்களுள் ஆறாம் வகுப்பினர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தனர். ஒன்பதாம் வகுப்பினரிடம் அந்த இடைவெளி நாலரை வகுப்புகளாக விரிந்திருந்தது. ஏழாம் வகுப்புப் பாடநூலின் குறியீடு ஏழாம் வகுப்புப் பாடத்தையே திறக்கும். குழந்தை இடறிய கல்லோ நான்காம் வகுப்பில் கிடக்கிறது. விகிதமுறு எண்களைப் பற்றிய காணொளி எத்தனை அழகாக இருந்தாலும், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் குழந்தைக்கு அதனால் பயனில்லை. அக்குழந்தை பின்னத்தை ஓர் எண்ணாகக் காணவில்லை. கோட்டுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று இரண்டாகக் காண்கிறது. மைனஸ் மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்து எட்டு என்று எழுதும் குழந்தையும் அப்படித்தான். பெருக்கலுக்காக மனப்பாடம் செய்த "மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்" என்னும் வாய்பாட்டைக் கழித்தலுக்கும் நீட்டியிருக்கிறது. இவை கவனக்குறைவால் வரும் பிழைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது. அத்தர்க்கத்தைக் கேட்டறியாமல் திருத்த இயலாது. பேசிக்கொண்டே செல்லும் காணொளி எதையும் கேட்பதில்லை.

இரண்டாவது இடம் மொழி. கல்வித் தொழில்நுட்பம் பற்றிய பேச்சில் மொழி கடைசியில்தான் வரும். எல்லாம் முடிந்தபின் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் மேற்பூச்சாகவே அது கருதப்படுகிறது. கணிதத்திற்கு மொழி இல்லை, அது உலகப் பொது என்ற நம்பிக்கை அதற்குத் துணை நிற்கிறது. கணிதத்தின் குறியீடு உலகப் பொதுவாயிருக்கலாம். அக்குறியீட்டை ஒரு குழந்தை அடையும் வழி அதன் மொழியினூடாகத்தான் செல்கிறது.

ஒரு பின்னத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் "டூ தேர்ட்ஸ்" என்கிறது. இந்தியப் பள்ளிகளில் "டூ பை த்ரீ". இரண்டு முதலில், மூன்று பிறகு. தமிழ் "மூன்றில் இரண்டு" என்கிறது. தெலுங்கும் கன்னடமும் அவ்வாறே மூன்றை முன்வைத்துத்தான் சொல்கின்றன. முழுமை எத்தனை கூறாயிற்று என்பதை முதலில் சொல்லி, அவற்றுள் எத்தனை எடுக்கப்பட்டன என்பதைப் பிறகு சொல்லும் முறை இது. பொருள் விளக்கத்திற்கு இதைவிடத் தெளிவான வரிசை கிடைப்பதரிது. இப்போது ஆங்கிலத்தில் எழுதி வரைந்து முடித்த காணொளிக்குக் குரலை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? திரையில் கை 2ஐ எழுதும் கணத்தில் குரல் "மூன்றில்" என்கிறது. கை 3ஐ எழுதும்போது குரல் "இரண்டு" என்கிறது. கண்ணும் காதும் எதிரெதிர்த் திசையில் இழுக்கப்படுகின்றன. கேட்ட வரிசையில் எழுதும் குழந்தை மூன்றை மேலேயும் இரண்டைக் கீழேயும் எழுதிவைக்கும். தவறு அதன் தலையில் விழும். அதே பாடத்தைத் தமிழில் தொடங்கி எழுதியிருந்தால், முழுமையை மூன்றாக வெட்டிக் கோட்டின் கீழே 3ஐ முதலில் எழுதி, இரண்டு கூறுகளுக்கு வண்ணம் தீட்டிய பிறகு மேலே 2ஐ எழுதியிருப்பார்கள். செலவு கூடியிருக்காது, சிந்தனை மட்டும் கூடியிருக்கும்.

கலைச்சொற்களைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பின்னத்தின் மேலெண் தொகுதி, கீழெண் பகுதி. அன்றாடத் தமிழில் பகுதி என்றால் ஒரு கூறு. தொகுதி என்றால் பல சேர்ந்த திரட்சி. பின்னத்திலோ எடுத்துக்கொண்ட கூறுகளைக் குறிக்கும் எண் தொகுதி என்றும், மொத்தக் கூறுகளைக் குறிக்கும் எண் பகுதி என்றும் பெயர் பெறுகின்றன. பேச்சு வழக்கின் பொருளைத் துணைக்குக் கொண்டு புரிந்துகொள்ள முயலும் அறிவுள்ள குழந்தைதான் இங்கே முதலில் தடுமாறும். அதுபோலவே சுழியத்தையும் இயல் எண்களையும் கொண்டவை முழு எண்கள். குறை எண்களையும் சேர்த்தால் முழுக்கள். ஒரே "முழு"வின் மேல் எழுந்த இரண்டு பெயர்கள், இரண்டு வெவ்வேறு கணங்கள். கலைச்சொற்களை மாற்றவேண்டும் என்பது இங்கு வாதமன்று. எல்லா மொழிகளிலும் கலைச்சொல்லும் வழக்குச் சொல்லும் உரசத்தான் செய்யும். உரசும் இடம் எது என்று அறிந்து அங்கே நிற்பதுதான் கற்பித்தல். நல்ல ஆசிரியர் அங்கே ஒரு பாடவேளை நிற்பார். காணொளி சில நொடிகளில் கடந்துவிடும்.

இனி, மொழி தரும் ஊன்றுகோலை வீணாக்கும் கொடுமை. ஆங்கிலத்தில் "சப்ட்ராக்ட் ஃபைவ் ஃப்ரம் ட்வெல்வ்" என்று கேட்கும் குழந்தை முதலில் ஐந்தையும் பிறகு பன்னிரண்டையும் கேட்கிறது; எழுதவேண்டியதோ 12 − 5. தமிழில் "பன்னிரண்டிலிருந்து ஐந்தைக் கழி" என்பதே எழுதும் வரிசை. எண்ணுக்குப் பதில் எழுத்து வரும் இயற்கணிதத்தில் இவ்வரிசை இன்னும் பெரிய உதவி. "வேலை முக்காலே மூன்று வீசம் முடிந்தது" என்று பாட்டிமார் சொல்லும் வழக்கில், வீசம் பதினாறில் ஒன்று; ஆகவே நான்கில் மூன்றும் பதினாறில் மூன்றும் சேர்ந்து பதினாறில் பதினைந்து. வேற்றுப் பகுதிகளைக் கொண்ட பின்னங்களின் கூட்டல் ஒரு பேச்சு வழக்காகவே நிற்கிறது. அரைக்கால் என்ற சொல்லே அரையையும் காலையும் பெருக்கி எட்டில் ஒன்று என்று விடை சொல்கிறது. இந்தி பேசும் குழந்தைக்கு வேறு செல்வம் உண்டு. மூன்றரைக்கு "சாடே தீன்", இரண்டே முக்காலுக்கு "பௌனே தீன்". பின்னதில் மூன்றுக்குக் கால் குறைவு என்னும் கழித்தல் பெயரிலேயே உள்ளது. அதே குழந்தைக்கு வேறு சுமையும் உண்டு. முப்பதுக்கு ஒன்று குறைவு என்னும் பொருள்பட 29ஐ "உன்தீஸ்" என்று சொல்லும் மொழியில், நூறு வரையுள்ள எண்ணுப் பெயர்களுள் பெரும்பாலானவற்றைத் தனித்தனியே நெஞ்சில் இருத்த வேண்டும். செல்வமும் சுமையும் மொழிக்கு மொழி மாறும்போது, ஒரே வார்ப்பில் ஊற்றிய பாடத்தைப் பல மொழிகளில் பேசவைப்பது எப்படிக் கற்பித்தலாகும்?

இது மொழி ஆர்வலரின் மிகை என்று தோன்றினால், 2025இல் நேச்சர் இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் சிறார், பல பொருள்களின் விலையையும் மீதத்தையும் மனக்கணக்காகவே சொல்லிவிட்டனர். அதே கடினமுள்ள, ஏன், அதைவிட எளிய கணக்குகளைப் பள்ளி வடிவில் கொடுத்தபோது திணறினர். பள்ளிக் கணக்கில் தேர்ந்த பிற மாணவர்களோ சந்தைக் கணக்கில் தடுமாறினர். இருபுறமும் அறிவு இருக்கிறது; பாலம் இல்லை. அப்பாலத்தைக் கட்டும் பணியைத்தான் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் செய்யவேண்டும். எண்ணிலிருந்து பின்னத்திற்கும், பின்னத்திலிருந்து விகிதத்திற்கும், விகிதத்திலிருந்து இயற்கணிதத்திற்கும் குழந்தை கடக்கும் மூன்றாண்டுகள் அவை. அங்கே விழுந்தவர்களுள் பலர் "எனக்குக் கணக்கு வராது" என்ற முடிவோடு வாழ்நாளைக் கழிக்கின்றனர்.

"அப்படியானால் நேரே ஆங்கிலத்தில் படிக்கட்டுமே, சிக்கல் தீர்ந்தது" என்பது வழக்கமான மறுமொழி. தீரவில்லை, இடம் மாறியது. ஆங்கில வழியில் சேர்ந்த குழந்தைக்கு "நியூமரேட்டர்" என்பது பொருளற்ற ஒலி. "ஃப்ரம்" என்னும் சிறுசொல் கணக்கின் திசையையே மாற்றுகிறது என்பதை அதற்கு விளக்குவார் இல்லை. வீட்டில் கேட்டுப் பழகிய முக்காலும் அரைக்காலும் வகுப்பறை வாசலிலேயே கழற்றிவைக்கப்படுகின்றன. குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையிலும், இயன்றால் எட்டாம் வகுப்பு வரையிலும் அதற்கு அப்பாலும் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்கலாம் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எழுதிவைத்திருக்கிறது. அக்கொள்கையின் பிற கூறுகளை ஏற்பவரும் எதிர்ப்பவரும் இந்த ஒரு வரியின் விலையைக் கேட்டறியவேண்டும். தாய்மொழியில் சிந்தித்து எழுதிய கணிதப் பாடங்களுக்கு ஒதுக்கப்படும் தொகை எவ்வளவு, குரல் மாற்றத்திற்குச் செல்லும் தொகை எவ்வளவு என்பதே அக்கேள்வி.

தொழில்நுட்பத்தின் மீது வெறுப்பை வளர்ப்பது நோக்கமன்று. மேலே சொன்ன டெல்லி ஆய்வே அதற்குச் சான்று. அங்கே குலுக்கலில் இடம்பெற்ற மாணவர்கள் பள்ளி நேரத்திற்குப் பிறகு ஒரு மையத்திற்கு வந்தனர். வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்குத் தொண்ணூறு நிமிடம். பாதி நேரம் மைண்ட்ஸ்பார்க் என்னும் மென்பொருளில் தம் போக்கில் பயின்றனர். மீதி நேரம் சிறு குழுவாக ஒரு பயிற்றுநரிடம் கற்றனர். நாலரை மாதத்தில், இடம் கிடைக்காதோரைவிடக் கணிதத்தில் 0.37 திட்டவிலக்கம் முன்னேறினர். கல்வி ஆய்வுகளில் இது பெரிய முன்னேற்றம். ஆய்வாளர்கள் இதற்கு முதன்மைக் காரணமாகச் சுட்டுவது, ஒவ்வொரு மாணவரின் நிலையையும் அறிந்து அந்நிலைக்கேற்ற கேள்வியை மென்பொருள் கேட்டதைத்தான். அது கேட்ட மொழி இந்தி என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். வீட்டில் கைப்பேசியோடு தனியே விடப்பட்ட குழந்தைக்கும், நாள்தோறும் வந்து அமர ஓர் இடமும், கேள்வி கேட்கும் கருவியும், அருகில் ஒரு மனிதரும் வாய்த்த குழந்தைக்கும் உள்ள தொலைவே இந்த முன்னேற்றத்தின் அளவு.

கான் அகாடமியின் தொடக்கக் கதையும் இதையே சொல்கிறது. 2004இல் சல்மான் கான் தம் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசி வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் தடுமாறியது அலகு மாற்றத்தில். நடுநிலை வகுப்புக் கணக்குதான். அவளுக்குக் கிடைத்தது, அவள் என்ன நினைத்தாள் என்று கேட்டு, அதற்கேற்ப மறுமொழி சொன்ன ஒருவர். காணொளிகள் பின்னர் வந்தவை. கோடிக்கணக்கானோருக்குச் சென்று சேர்ந்தது அக்காணொளி. சென்று சேராதது அந்த உரையாடல். நம் கல்வித் தளங்கள் எளிதில் படியெடுக்கக்கூடிய பாதியை மட்டும் படியெடுத்துக்கொண்டன.

நல்ல கருவி நல்ல கையில் என்ன செய்யும் என்பதற்கு விலையுயர்ந்த எடுத்துக்காட்டுத் தேவையில்லை. நாற்பது குழந்தைகள், ஒரே திரை, ஃபெட்டின் பின்னச் செயல்பாடு. அதைப் பதிவிறக்கி இணையம் இல்லாமலும் இயக்கலாம். ஆசிரியர் உடனே பொத்தானை அழுத்துவதில்லை. "எட்டில் மூன்று பெரிதா, ஐந்தில் மூன்று பெரிதா?" என்று கேட்டுக் கைதூக்கச் சொல்கிறார். எட்டு ஐந்தைவிடப் பெரிது என்பதால் பலர் எட்டில் மூன்று என்பார்கள். ஏன் என்று கேட்கிறார். இரண்டு குழந்தைகள் தத்தம் காரணத்தைத் தம் மொழியில் சொல்லி வாதிடுகின்றனர். அதன் பிறகே திரையில் இரண்டு பட்டைகள் வெட்டப்படுகின்றன. தன் கணிப்புப் பொய்த்ததைக் கண்ணால் கண்ட குழந்தைக்கு அந்த அரை நிமிடம், அரை மணி நேரக் காணொளி தராததைத் தரும். ஆனால் அதற்கு அவ்வாசிரியர் வகுப்பில் இருக்கவேண்டும். விவரப் பதிவேற்றத்திற்கும் கணக்கெடுப்புக்கும் தேர்தல் பணிக்கும் அவரை அனுப்பிவிட்டு, அவர் நாற்காலியில் ஒரு திரையை அமர்த்துவதற்குப் பெயர் கல்வி நவீனமாதல் அன்று.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. பொதுப்பணத்தில் உருவாகும் ஒவ்வொரு கணிதப் பாடமும் அந்தந்த மொழியிலேயே முதல் வரைவு காணவேண்டும். அவ்வரைவை எழுதும் அறையில் நடுநிலைப்பள்ளி ஆசிரியரும் மொழியியல் அறிந்தவரும் அமரவேண்டும். படம் வரைபவர் அவர்கள் சொல்லும் வரிசையில் வரையவேண்டும். குறியீட்டைப் படித்தவுடன் காணொளி ஓடுவதற்கு முன் ஐந்து கேள்விகள் வரவேண்டும். அவற்றில் நேரும் பிழையின் தன்மையைக் கண்டு, தேவையானால் நான்காம் வகுப்புக்கு அழைத்துச்செல்லும் வழி திறக்கவேண்டும். எல்லாப் பாடங்களும் பதிவிறக்கத்தக்கவையாகவும், ஆசிரியர் தம் வட்டார வழக்குக்கேற்ப மாற்றத்தக்கவையாகவும் இருக்கவேண்டும். இத்தனை கோடிப் பார்வைகள், இத்தனை இலட்சம் பதிவிறக்கங்கள் என்னும் பெருமிதக் கணக்கை நிறுத்திவிட்டு, பார்த்த குழந்தைகளுள் எத்தனை பேர் இப்போது இரண்டு பின்னங்களைக் கூட்டுகிறார்கள் என்பதை அளந்து வெளியிடவேண்டும். கடைசியாக, ஆசிரியரின் நேரம் ஆசிரியருக்குத் திருப்பித் தரப்படவேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்புத் தேவையில்லை. குழந்தை சொல்வதைக் கேட்க வேண்டும் என்ற முடிவு மட்டுமே தேவை. அதுவரை "எல்லாந்தான் இணையத்தில் இருக்கிறதே" என்று ஏழாம் வகுப்புக் குழந்தையிடம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பகுதி எது, தொகுதி எது என்று அது கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.